எண்பது தட்டு தக்காளி நாற்று

புதிதாக நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. தென்னைநார்க் கழிவை எத்தனை நாள் ஊற வைக்க வேண்டும், தட்டில் எத்தனை குழி இருந்தால் நல்லது, எந்த மாதத்தில் எந்த மருந்து என்றெல்லாம் எழுதித் தரச் சொன்னீர்கள். அதையெல்லாம் உங்கள் கையிலிருக்கும் போன் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும். இருபத்திரண்டு வருஷம் நாற்றுப்பண்ணை நடத்தியவன் என்ற முறையில் நான் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. நேரமில்லை, நேரமில்லை என்று சொல்லியே ஒரு விவசாயியின் வெள்ளாமையை எப்படிக் கெடுத்தேன் என்பது அது. படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் திட்டிக்கொள்ளுங்கள். நான் திட்டிக்கொண்டதைவிட அதிகமாக உங்களால் திட்ட முடியாது.

எங்கள் பண்ணை உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. ஆரம்பத்தில் நிழல்வலை போட்ட இரண்டே செட்டு. தக்காளியும் மிளகாயும் மட்டும். விவசாயி வந்து நிலம் தயாராகும் தேதியைச் சொல்வார். அதற்கு இருபத்தைந்து நாளுக்கு முன்னால் தட்டில் விதை போடுவோம். சொன்ன தேதிக்கு வண்டியில் ஏற்றிவிடுவோம். தொழில் அவ்வளவுதான். இருபத்தைந்தாம் நாள் நடவுக்கு ஜோராக நிற்கும் நாற்று நாற்பதாம் நாள் நெட்டையாக வளர்ந்து, மஞ்சளடித்து, எருக்குழிக்குத்தான் போகும். தினமும் இதைப் பார்த்துக்கொண்டே நடமாடிய ஒருவனுக்கு நாள் கிழமையின் அருமை தெரியாமல் போனது என்றால் சிரிப்பீர்கள். எனக்குத் தெரியாமல்தான் போனது.

பண்ணை கொஞ்சம் நிமிர்ந்ததும் எனக்குக் கை அரிக்கத் தொடங்கியது. செண்டுமல்லி நாற்று கேட்டார்கள், சரி என்றேன். பப்பாளி கேட்டார்கள், சரி. திராட்சைக் குச்சியை வேர்விட வைத்துத் தர முடியுமா என்றார்கள், ஏன் முடியாது என்றேன். பள்ளிக்கூடங்களுக்கு மரக்கன்று, மாடித்தோட்டத்துக்குப் பை என்று அது பாட்டுக்கு நீண்டது. போதாததற்குச் சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஏஜென்சி ஒன்றையும் எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். இரண்டு செட்டு ஐந்தானது. சட்டைப்பையில் இருந்த ஒரு போன் இரண்டானது. யார் கூப்பிட்டாலும் "இந்தா வந்துட்டேன்" என்பேன். ஒரே நேரத்தில் நாலு பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

நம் பக்கத்தில் வியாபாரம் செய்கிறவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இனிமேல் உங்களுக்கும் வரும். அதுதான் வாடிக்கையாளர் வீட்டு விசேஷம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புது வீடு, கேதம் என்று நல்லது கெட்டது எதையும் விட முடியாது. போகாவிட்டால் அடுத்த போகத்துக்கு அவர் வேறு பண்ணைக்குப் போய்விடுவார் என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். முகூர்த்த நாளென்றால் காலை ஆறு மணிக்கே வெள்ளை வேட்டி கட்டிக் கிளம்பிவிடுவேன். சின்னமனூரில் தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு, கம்பத்தில் சாப்பிட்டு, கூடலூரில் கை நனைத்துவிட்டு வருவேன். "அண்ணே கூப்பிட்டா வந்துருவாக" என்று ஊர் சொன்னதை நான் ஒரு பட்டமாகவே நினைத்தேன். பண்ணையில் இருப்பவர்கள் கூப்பிட்டால் மட்டும் வரமாட்டேன் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

அந்த ஐந்து செட்டையும் உண்மையில் நடத்தியது ஜெசிந்தா. ராயப்பன்பட்டிக்காரி. விதை போடும் வேலைக்கு வந்தவள், ஐந்தாறு வருஷத்தில் பத்துப் பெண்களை வைத்து மொத்தப் பண்ணையையும் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருந்தாள். தட்டைத் தூக்கிப் பார்த்தே ஈரம் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாள். தினமும் காலையில் நான் பைக்கை எடுக்கும்போது ஏதாவது ஒன்றைச் சொல்ல வந்து நிற்பாள். "ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்கண்ணே" என்பாள். நான் வண்டியை அணைக்காமலே "ம், சொல்லு சொல்லு" என்பேன். வண்டிச் சத்தத்தில் அவள் சொன்னதில் பாதிதான் எனக்குக் கேட்கும். மீதிப் பாதியைச் சாயந்திரம் கேட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுவேன். சாயந்திரம் கேட்டதே இல்லை.

ஒரு தடவை அவளாகவே ஒரு முடிவெடுத்தாள். மழையில் மிளகாய் நாற்று அழுகிப்போன ஒரு விவசாயி அவசரமாக ஓடி வந்திருக்கிறார். நான் ஊரில் இல்லை. உபரியாக நின்ற பத்துத் தட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். சரியான முடிவு. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த விவசாயி ஒரு கல்யாண மண்டபத்தில் என்னைப் பார்த்து நன்றி சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் பண்ணையில் நடந்தது எனக்கே தெரியவில்லையே என்று முகம் சிவந்துபோனது. நேராக வந்து, அத்தனை பெண்களும் இருக்கும்போது அவளைப் பிடித்துக் கத்தினேன். "இங்கன மொதலாளி யாரு, நீயா நானா? இனிமே என்னயக் கேக்காம ஒரு தட்டு வாசக் கேட்டத் தாண்டக் கூடாது, ஆமா."

"சரிங்கண்ணே" என்றாள்.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தாள். அவளே முடித்துக்கொண்டிருந்த நாற்பது சமாச்சாரம் என் தலையில் வந்து விழுந்தது. அதற்கும் அவள்மீதுதான் எரிந்து விழுந்தேன். "இதெல்லாமா எங்கிட்டக் கேக்குறது" என்றும் நான்தான் கேட்டேன். அப்போது என் வீட்டுக்காரி, "ஒங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்றாள். அவளையும் முறைத்தேன்.

இப்போது தங்கமாயனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவாரத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். மலையடிவாரத்தில் கிணற்றோடு சேர்த்து ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். அதற்கு முன்னால் பத்து வருஷம் விடியுமுன்னே ஜீப்பில் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய் வந்தவர். குத்தகைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டார். நிலத்துக்காரர் பொறுமை இழந்துவிட்டார். "இந்த வெள்ளாமை எப்பிடி வருதுனு பாத்துட்டுத்தான் மேக்கொண்டு பேச்சு" என்று சொல்லிவிட்டாராம். தை மாதம் நடுவதற்கு எண்பது தட்டு தக்காளி நாற்று வேண்டும் என்று என்னிடம் பதிய வந்தபோது இதையெல்லாம் அவரே சொன்னார். நான் மூன்று போன் பேசி முடிக்கும்வரை வேப்பமரத்தடியில் நின்று, அப்புறம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"இது மட்டும் வந்துருச்சுனா நெலம் நமக்குத்தாண்ணே. பெறகு நான் மலை ஏறத் தேவையில்ல."

"வரும் தம்பி, என் நாத்துல வெளஞ்சவன் எவனும் கெட்டதில்ல" என்றேன். அதைச் சொல்லும்போதே நாலாவது போன் வந்துவிட்டது.

நாற்று ஏற்ற வேண்டிய நாள் முகூர்த்த நாளாக அமைந்தது. நான் கம்பத்தில் ஒரு மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். ஜெசிந்தா கூப்பிட்டாள்.

"அண்ணே, மூணாம் செட்டுல வல கிழிஞ்சு கெடக்குனு போன வாரமே சொன்னேன்ல. செண்டுமல்லித் தட்ட வேற அதுக்குப் பக்கத்துல கொண்டாந்து வச்சிருக்கோம். இப்ப தேவாரத்துத் தட்ட ஏத்தலாம்னு லேசாத் தட்டுனா வெள்ளை ஈயாப் பறக்குதுண்ணே."

"நாத்து எப்பிடி இருக்கு?"

"பாக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கு மனசு ஒப்பல. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. அவுககிட்ட பேசி, இத நிறுத்திட்டுப் புதுசா வெதச்சுத் தந்துருவோம்."

வெள்ளை ஈ கடித்த தக்காளி நாற்று தட்டில் இருக்கும்போது பச்சைப் பசேலென்றுதான் இருக்கும். வயலுக்குப் போய் மூன்று வாரம் கழித்துத்தான் இலை சுருட்டும். சுருட்டிவிட்டால் பிறகு எந்த மருந்துக்கும் கேட்காது. இது எனக்குத் தெரியாதா? ஜெசிந்தாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"மருந்து அடிச்சு ஏத்திவிடு ஆத்தா. அந்தாளு நடவுக்கு ஆளெல்லாம் சொல்லி வச்சிருக்காரு."

"அண்ணே, நீங்க ஒருக்கா..."

"நான் பந்தியில உக்காந்துருக்கேன். ஏத்திவிடுன்னா ஏத்திவிடு."

போனை வைத்துவிட்டுக் கேசரியைச் சாப்பிட்டேன். அங்கிருந்து பண்ணைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அந்தக் கல்யாணம் யார் வீட்டுக் கல்யாணம் என்று இன்றைக்கு எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மாசி பிறந்த சமயத்தில் தங்கமாயன் முதல் தடவை கூப்பிட்டார். "அண்ணே, எல ஓரம் லேசாச் சுருளுற மாதிரி தெரியுது. ஒருக்கா வந்து பாக்குறீகளா?"

"நாளைக்கு வாரேன் தம்பி."

அந்த நாளை வரவில்லை. காமயகவுண்டன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் என்னிடம் சொட்டுநீர்க் குழாய் வாங்கிப் போட்டிருந்தார். தண்ணீர் சரியாக வரவில்லை என்று காலையும் மாலையும் போனில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தார். "ஏய்யா, ஒன்னிய நம்பி வாங்குனேன் பாரு, என்னியச் சொல்லணும்" என்பார். அந்தப் பேச்சுக்குப் பயந்து பத்து நாளில் ஏழு தடவை அங்கே போனேன். கடைசியில் பார்த்தால் பில்டரில் பாசி அடைத்திருந்தது. ஒரு பிளம்பரை அனுப்பியிருந்தால் அரை மணி நேர வேலை. திராட்சைத் தோட்டத்தில் ஒரு கொத்துகூட வாடவில்லை. அதற்கிடையே குலதெய்வக் கும்பிடுக்கு என்று நாலு ஊரிலிருந்து அழைப்பு. மாசிச் சிவராத்திரிக்குப் போகாமல் இருந்தால் மரியாதையா? போனேன்.

என் நாளை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று பின்னாளில் எண்ணிப் பார்த்தேன். சத்தம் போட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தங்கமாயன் சத்தம் போடத் தெரியாதவர். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது நாலில் ஒரு செடி சுருண்டிருக்கிறது என்றார். மூன்றாம் தடவை பாதிக்குப் பாதி என்றார். அன்றுதான் இதையும் கேட்டார்.

"பிடுங்கிட்டு மறுநடவு வச்சுறலாமாண்ணே? மாசிக்குள்ள வச்சுட்டா கெணத்துத் தண்ணிய வச்சு எப்பிடியும் ஒப்பேத்திருவேன். பங்குனி பொறந்தா தண்ணி காணாது. கைவசம் நாத்து கெடக்குமா?"

"கைவசம் ஒண்ணும் இல்ல தம்பி. வெதச்சா இருபத்தஞ்சு நா ஆகும்ல. நான் நேர்ல வந்து பாக்காம எதையும் பிடுங்கிறாதீக."

"சரிங்கண்ணே. நீங்க வாங்க."

வண்டி ஓட்டிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு சொன்ன பதில் அது. கைவசம் இல்லை என்று யாரைக் கேட்டுச் சொன்னேன்? யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து இல்லை, அதனால் இல்லை. அதற்குப் பிறகு அவர் இரண்டு தடவை கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. அப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். சரியாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஒரு வாக்கியத்தை எழுதும்போது எனக்கு என் மூஞ்சியிலேயே அறையலாம் போல இருக்கிறது.

பங்குனி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ஒரு நாள் காலையில் பைக்கில் காற்று இறங்கிக் கிடந்தது. பஞ்சர் ஒட்ட ஆள் வரும்வரை வேறு வழியில்லாமல் பண்ணையைச் சுற்றி நடந்தேன். எருக்குழிப் பக்கம் போய் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. குழி நிறைய தக்காளி நாற்று. முழங்கால் உயரத்துக்கு நெட்டையாக வளர்ந்து, மஞ்சளடித்து, வேரோடு மண்ணோடு கொட்டிக் கிடந்தது. எனக்கு வந்ததே கோபம். ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். ஒன்றாம் செட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"என்னாத்தா இது, இம்புட்டு நாத்து?"

"தேவாரத்துக்கு வெதச்சது."

"அவருக்குத்தான் தையிலேயே போயிருச்சே."

"அந்த வண்டி போன மறுநா வெதச்சது. எண்பது தட்டு. அவுகளுக்கு எப்பிடியும் வேணும்னு எனக்குத் தெரியும்ணே."

"யாரக் கேட்டு வெதச்ச?"

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"வெதைக்க யாரயும் கேக்கல. அதே ரகம் வெத பிரிட்ஜுல இருந்துச்சு, போட்டு, அவுக பேர எழுதிக் குச்சி குத்தி வச்சேன். குடுக்கணும்னா உங்களக் கேக்கணும்னு சொல்லிருக்கீக. கேட்டேன். மூணு வாட்டி கேட்டேன். நீங்க நிக்கலண்ணே."

அவள் மேற்கொண்டு சொன்னாள். மாசி ஆறாம் தேதிக்கே நாற்று தயார். பதினெட்டு வரைக்கும் தண்ணீரைக் குறைத்துக் குறைத்து, வளரவிடாமல் நிறுத்திப் பார்த்திருக்கிறாள். அதற்கு மேல் முடியவில்லை.

"அவுகளே இங்கன வந்து கேட்டிருந்தா, என்ன ஆனாலும் ஆகட்டும்னு தூக்கிக் குடுத்துருப்பேனோ என்னமோ. அவுக வரல. போன் போடுவமானு ஒரு நா நெனச்சேன். பெறகு தட்டு வாசக் கேட்டத் தாண்டக் கூடாதுனு நீங்க சொன்னது நெனவு வந்துச்சு. மாசிக் கடைசில நானும் பிள்ளைகளும் தூக்கிக் கொட்டிட்டோம்ணே."

அவர் வராததற்குக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். கைவசம் இல்லை என்று நான் சொன்ன அன்றைக்கு, அந்த எண்பது தட்டும் ஒன்றாம் செட்டில் நடவுக்குத் தயாராக நின்றிருக்கிறது. என் ஆபீஸ் அறையிலிருந்து இருபது அடிகூட இருக்காது.

மூன்றாம் தடவை அவள் வந்து நின்றபோது நான் என்ன சொன்னேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "எழுதி மேசைல வையி, பாத்துக்குறேன்" என்றிருந்தேன். ஓடிப்போய் மேசையைக் கிளறினேன். கல்யாணப் பத்திரிகைகளுக்கும் குழாய் கம்பெனி விளம்பரத் தாள்களுக்கும் அடியில் இருந்தது. விதைப் பாக்கெட் அட்டையின் பின்பக்கத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது போலக் குண்டு குண்டான எழுத்து. "தேவாரம் தங்கமாயன் அண்ணனுக்கு மாற்று நாற்று 80 தட்டு தயார். அனுப்பலாமா?" அதற்குக் கீழே "ஆம்" என்று ஒரு கட்டம், "இல்லை" என்று ஒரு கட்டம். எனக்குப் படித்துப் பதில் எழுதக்கூட நேரமிருக்காது என்று அவளே கட்டம் போட்டு வைத்திருந்தாள். ஒரு கோடு இழுத்திருந்தால் போதும்.

அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது, அழுதேன்.

அதன் பிறகு பண்ணையில் என்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேவாரத்துக்குப் போனதை எழுதிவிட்டால் அதற்கப்புறம் எழுத எனக்குக் கை வராது.

அந்த மாதமே குழாய் ஏஜென்சியைத் திருப்பிக் கொடுத்தேன். செண்டுமல்லி, பப்பாளி, மரக்கன்று எல்லாவற்றுக்கும் வாசலிலேயே கும்பிடு போட்டுவிட்டேன். பழையபடி தக்காளி, மிளகாய், இரண்டே பயிர். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நான் செட்டுக்குள் இருப்பேன், இரண்டு போனும் ஜெசிந்தாவின் மேசை டிராயரில் இருக்கும். எந்தத் தட்டு யாருக்கு, எது போகலாம், எது போகக்கூடாது என்பதெல்லாம் அவள் முடிவு. நான் அவளைக் கேட்டுக்கொண்டுதான் நாற்று தருவதாக யாருக்கும் வாக்குக் கொடுப்பேன். இதை அதே பத்துப் பெண்களுக்கு முன்னால் நின்று சொன்னேன். விசேஷ வீடுகளுக்கு மண்டபத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு, கூட்டமெல்லாம் கலைந்த மறுநாள் வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. "அண்ணே நமக்குன்னு நேரம் ஒழிச்சு வந்துருக்காக" என்று சந்தோஷப்பட்டார்கள்.

என்னை விட்டு வேறு பண்ணைக்குப் போனவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருமே சத்தம் போடுகிறவர்கள். இத்தனை வருஷம் நான் எதற்கெல்லாம் பயந்து பயந்து ஓடினேனோ அதில் ஒன்றுகூட நடக்கவில்லை. மனசுக்கு ஆறுதலாக இருக்க வேண்டிய விஷயம் இது. எனக்கு இதுதான் ரொம்ப வலிக்கிறது. ஓடாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்த பிறகு, அந்த மனிதரை என்ன சொல்லி நான் சமாதானப்படுத்துவது?

உங்களில் பலர் இப்போதே ஐந்தாறு வகை நாற்று போட ஆரம்பித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். போடாதீர்கள் என்று சொல்ல நான் யார். ஒன்றே ஒன்று செய்யுங்கள். புதிதாக ஒன்றுக்குச் சரி என்று சொல்லும் முன்னால், உங்கள் பண்ணையில் இந்த நிமிஷம் எத்தனை தட்டு, யாருக்காக நிற்கிறது என்று யாரையும் கேட்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் சொல்லத் தெரிந்தவர் கையில் முடிவை விட்டுவிடுங்கள். இரண்டும் முடியாது என்றால் என் கதை உங்களுக்கும் நடக்கும். நான் சாபம் விடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அட்டையைக் கண்டெடுத்த அன்றே, பஞ்சர் ஒட்டியதும், இரண்டு போனையும் அணைத்துப் போட்டுவிட்டுத் தேவாரம் போனேன். தங்கமாயன் நிலத்தில் தக்காளி இல்லை. குச்சிகளைக்கூடப் பிடுங்கி வரப்பில் அடுக்கியிருந்தார்கள். ஜேசிபி ஒன்று தென்னைக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தது. டிரைவரைக் கேட்டேன். நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நிலத்துக்காரரே தென்னை போடுகிறார் என்றார்.

வீட்டுக்குப் போனேன். தங்கமாயனின் மனைவி வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்து நின்றார்.

"அவுக மலைக்குப் போயிருக்காகண்ணே. ஜீப்பு வர அஞ்சரை ஆயிரும். உள்ள வந்து உக்காருங்க."

உள்ளே உட்கார எனக்கு முகமில்லை. ஜீப் வந்து நிற்கும் முக்கில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போது மணி பதினொன்றரை. ஆறு மணி நேரம் அங்கேயே இருந்தேன். கடைக்காரர் இரண்டு தடவை, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். "அவன் தக்காளி போட்டானே, வந்துச்சா?" என்று அவர் என்னையே கேட்டார். நான் டீயைக் குடித்தேன்.

ஜீப் வந்தது. பதினைந்து பேருக்கு மேல் அடைந்து இறங்கினார்கள். பெரும்பாலும் பெண்கள். பின்பக்கக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்த தங்கமாயன் கடைசியாகக் குதித்தார். ஆள் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க எதுக்குண்ணே இங்கன வந்து உக்காந்துகிட்டு? ஒரு போன் போட்டிருந்தா நானே பண்ணைக்கு வந்துருப்பேன்ல."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வலை கிழிந்தது, பந்தியிலிருந்து ஏற்றச் சொன்னது, ஜெசிந்தா மறுநாளே விதைத்தது, மேசையில் கிடந்த அட்டை, எருக்குழி. ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கோபப்படுவார், நாலு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குன்னே வெதச்சதாண்ணே?"

"ஆமா தம்பி. ஒங்க பேர எழுதிக் குச்சி குத்தியிருந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். அந்தப் பெண்ணைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றார். நல்ல மனசு என்றார். எதையாவது செய்துவிட வேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

"தம்பி, இந்த ஆடிக்கு எத்தன தட்டு வேணும்னாலும் நான் தாரேன். ஜெசிந்தா கையால வெதச்ச நாத்து. நானே வண்டியோட கொண்டாந்து, கூட நின்னு நட்டுக் குடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

தங்கமாயன் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. தெரியாத ஊரில் வழி கேட்கிற ஆளைப் போலக் கேட்டார்.

"நீங்க நாத்து தருவீகண்ணே. நான் எங்கன நடுறது?"